பழைய மிரர்லெஸ் கேமராவைப் பறவைப் படத்துக்கு நம்பி வாங்கலாமா? (ஒலிம்பஸ் ஈ-எம்1 மார்க் 2, சோனி ஏ9)

மரங்கொத்தி

வணக்கம். ஒரு கேமரா விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன். கையில் இருப்பது ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை), கூட ஒரு 70-300 லென்ஸ். பறவைப் படம் எடுக்க ஆரம்பித்த பிறகு இதன் எல்லை நன்றாகத் தெரிந்துவிட்டது. தூரம் எட்டவில்லை. பறவை பறந்தால் ஃபோகஸ் அதை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் நாணலைப் பிடித்துக்கொள்கிறது.

தெரிந்தவர் ஒருவர் அதே வரிசையில் பின்னால் வந்த ஓஎம்-1 கேமராவுக்கு மாறிவிட்டார், லென்ஸையும் மாற்றிவிட்டார். அவருடைய பழைய ஒலிம்பஸ் ஈ-எம்1 மார்க் 2 பாடியையும் 100-400 லென்ஸையும் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். பொருளை நன்றாக வைத்துக்கொள்பவர், ஆளைப் பற்றிச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் கேமராவின் வயதைப் பற்றித்தான். 2016-இல் வந்த மாடல். பறவையைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி அதில் கிடையாது. சென்சாரும் சின்னது.

இன்னொரு பக்கம், 2017-இல் வந்த சோனி ஏ9 இப்போது செகண்ட் ஹேண்டில் எட்டும் விலைக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் அதற்கு 200-600 லென்ஸும் வாங்க வேண்டும்.

நான் எடுக்கும் விதம்: நடந்து போய்த்தான் எடுப்பேன், முக்காலி தூக்குவதில்லை. நீர்ப்பறவைகள் பாதி, மரக்கூட்டத்துக்குள் இருக்கும் சின்னப் பறவைகள் பாதி. எப்போதாவது மான். விடிவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து வெயில் ஏறும்வரைதான் நேரம். என்ன சொல்கிறீர்கள்?


ஆள்காட்டி

பழையதுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் எதற்குக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்? நிக்கான் டி500 எடுங்கள். அதுவும் 2016 மாடல்தான். 153 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 10 படம், பறக்கும் பறவையைப் பிடித்தால் விடாது. 200-500 எஃப்/5.6 லென்ஸ் செகண்ட் ஹேண்டில் நிறையவே கிடைக்கிறது. கண்ணாடி வழியாக நேரடியாகப் பார்ப்பதால் தாமதம் என்ற பேச்சே இல்லை. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி காத்திருந்தாலும் பேட்டரி குறையாது. மிரர்லெஸ்ஸில் ஆரம்ப காலத்துக் கேமராக்கள் எல்லாம் அரைகுறை. அந்தக் காலகட்டத்தில் டிஎஸ்எல்ஆர்தான் முழுமையாக முதிர்ந்த பொருள்.


பனங்காடை

டி500 நல்ல கேமரா, மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் நடந்து போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். டி500-உம் 200-500-உம் சேர்ந்தால் மூன்று கிலோவுக்கு மேல் வரும். காலை முழுக்க அதைக் கையில் ஏந்தி நடப்பது எல்லோராலும் ஆகாது. கூடவே ஒவ்வொரு லென்ஸுக்கும் ஃபோகஸ் சரிபார்த்துத் திருத்தம் போடும் வேலை டிஎஸ்எல்ஆரில் உண்டு. மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸைப் பார்ப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

"ஆரம்ப கால மிரர்லெஸ் எல்லாம் அரைகுறை" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே வருடத்தில் வந்த இரண்டு கேமராக்களுக்குள் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கலாம். ஏ9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது அடுக்குச் சென்சார், அதாவது வேகமாகப் படிப்பதற்காக நினைவகத்தையும் சேர்த்து அடுக்கிய சென்சார். மின்னணு ஷட்டரில் நொடிக்கு 20 படம், நடுவில் வ்யூஃபைண்டர் ஒரு கணம்கூடக் கறுக்காது. ஃபோகஸும் வெளிச்சமும் நொடிக்கு 60 முறை கணக்கிடப்படும். அப்புறம் 2019-இல் வந்த ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) 5.0-இல் புதிய டிராக்கிங் முறை வந்தது, அதே வருடம் 6.0-இல் விலங்குகளின் கண்ணைப் பிடிக்கும் வசதியும் வந்தது. பறவைக் கண் என்று தனியாக எதுவும் இல்லை, உண்மைதான். ஆனால் டிராக்கிங் பெட்டியை ஒரு தடவை பறவைமேல் வைத்துவிட்டால் அது ஒட்டிக்கொண்டு போகும்.

அடுக்குச் சென்சார் ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. மின்னணு ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும். படித்து முடிப்பதற்குள் சிறகு நகர்ந்துவிட்டால் சிறகு வளைந்து, நீண்டு, ரப்பர் போல வரும். ஏ9 முழுப் படத்தையும் ஏறக்குறைய 1/160 நொடியில் படித்துவிடுகிறது. ஈ-எம்1 மார்க் 2-க்கு ஏறக்குறைய 1/60 ஆகும். இவற்றைவிடப் பல வருடம் பிந்தி 2022-இல் வந்த கேனான் ஆர்7-க்கு ஏறக்குறைய 1/30. புதியது என்பதால் வேகமானது என்று ஆகிவிடாது.


தேன்சிட்டு

ஈ-எம்1 மார்க் 2-ஐ ரொம்ப காலமாக வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மின்னணு ஷட்டரில் சிறகு வளையும் என்று பனங்காடை சொல்வது சரி. அதனால் பறப்பதை எடுக்கும்போது நான் மெக்கானிக்கல் ஷட்டருக்குப் போய்விடுவேன். தொடர் ஃபோகஸோடு (நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் ஃபோகஸ்) நொடிக்கு 10 படம் கிடைக்கிறது. கொக்கு, நாரை, பருந்து இவற்றுக்கெல்லாம் அது தாராளம்.

மின்னணு ஷட்டரை நான் வைத்திருப்பது ப்ரோ கேப்சருக்காக. மீன்கொத்தி கிளையில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டரைப் பாதி அழுத்தியதுமே கேமரா படங்களை எடுத்து எடுத்துத் தற்காலிக நினைவில் போட்டுக்கொண்டே இருக்கும், பழையதைத் தள்ளிவிடும். மீன்கொத்தி தலையை இரண்டு தடவை ஆட்டும், உடம்பைக் கொஞ்சம் தாழ்த்தும், அடுத்த கணம் கிளை காலி. அதைப் பார்த்த பிறகு நீங்கள் முழுதாக அழுத்தினாலும் போதும். அழுத்துவதற்கு முந்தைய 14 படங்கள் கார்டில் வந்துவிடும். நொடிக்கு 18 படம் என்ற வேகத்தில் வைத்தால் அது முக்கால் நொடிக்குச் சற்றே அதிகம், மனிதக் கை தாமதிக்கும் நேரத்துக்கு அது போதும். இறக்கை விரியத் தொடங்கும் அந்த முதல் படம், காலின் நகம் இன்னும் கிளையை விடாத நிலை, அதெல்லாம் வேறு வழியில் என் கைக்குக் கிடைத்ததே இல்லை. ஏ9-இல் இந்த வசதி கிடையாது.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நொடிக்கு 18 படம் எடுக்கும் அந்த ப்ரோ கேப்சர் முறை ஒலிம்பஸ் லென்ஸோடுதான் வேலை செய்யும், பானசோனிக்கின் 100-400-ஐப் போட்டால் வராது. உங்களுக்குத் தருவது ஒலிம்பஸ் 100-400தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.


மரங்கொத்தி

ஒலிம்பஸ் லென்ஸ்தான், எஃப்/5-6.3. நன்றி.

என் பெரிய பயம் வெளிச்சம். நாலில் ஒரு பங்கு பரப்புள்ள சென்சார், அதனால் முழு ஃப்ரேமைவிட (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார்) இரண்டு ஸ்டாப் நஷ்டம் என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகிறது. அதோடு எஃப்/6.3 லென்ஸ். மரத்தடி இருட்டில் இது ஒத்துவருமா?


நீர்க்காகம்

"இரண்டு ஸ்டாப்" கணக்கு பாதிதான் உண்மை. பறவைப் படத்துக்கு வரும்போது அது ஆளைத் தவறாக அழைத்துப் போகும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நமக்கும் பறவைக்கும் இடையே உள்ள தூரம் நம் கையில் இல்லை. அது அங்கே உட்கார்ந்திருக்கிறது, நாம் இங்கே நிற்கிறோம். அந்தப் பறவையிடமிருந்து வரும் ஒளியில் எவ்வளவு நம் சென்சாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பது லென்ஸின் திறப்பு எவ்வளவு அகலம் என்பது. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த அகலம் மில்லிமீட்டரில் கிடைத்துவிடும்.

உங்கள் 70-300 கடைசி முனையில் எஃப்/6.3 என்றால் 300-ஐ 6.3-ஆல் வகுக்க 48 மி.மீ. ஒலிம்பஸ் 100-400: 400-ஐ 6.3-ஆல் வகுக்க 63. ஒலிம்பஸ் 300 எஃப்/4: 75. சோனி 200-600: 95. ஆள்காட்டி சொன்ன நிக்கான் 200-500: 89. கேனானின் பழைய 400 எஃப்/5.6: 71.

ஒளி இந்த அகலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சோனியின் 95-க்கும் ஒலிம்பஸ் 100-400-இன் 63-க்கும் ஒளியில் வித்தியாசம் இரண்டேகால் மடங்கு. அதாவது ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். இரண்டு ஸ்டாப் இல்லை. 300 எஃப்/4-உடன் ஒப்பிட்டால் வித்தியாசம் மூன்றில் இரண்டு ஸ்டாப்தான். முழு ஃப்ரேம் கேமராவில் அந்த 400 எஃப்/5.6-ஐ மாட்டினால், தூரத்துப் பறவைக்கு அது ஒலிம்பஸ் 300 எஃப்/4-ஐவிடக் குறைவான ஒளியைத்தான் திரட்டுகிறது. சென்சார் பெரியது என்பது அங்கே உதவாது, ஏனென்றால் சென்சாரின் ஓரங்களை எல்லாம் நாம் க்ராப் செய்து எறிந்துவிடப் போகிறோம்.

பிக்சல் கணக்கையும் பாருங்கள். ஏ9-இல் 24 மெகாபிக்சல். 600 மி.மீ.யில் எடுத்து, ஒலிம்பஸ் 400 மி.மீ. (சின்னச் சென்சாரில் அது முழு ஃப்ரேமின் 800-க்குச் சமம்) காட்டும் அதே காட்சிக்கு க்ராப் செய்தால் மிஞ்சுவது பதின்மூன்றரை மெகாபிக்சல். ஒலிம்பஸில் 20 முழுதாக இருக்கிறது.

பறவை பக்கத்தில் வந்து ஃப்ரேமை நிறைக்கிறது, அல்லது மான் கூட்டத்தை இயற்கைச் சூழலோடு அகலமாக எடுக்கிறீர்கள் என்றால் பெரிய சென்சார் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. பின்னணி மங்கலும் அதில்தான் அழகு. ஆனால் உங்கள் முதல் குறை "தூரம் எட்டவில்லை" என்பது. அதற்கு நான் சென்சாரைப் பார்க்க மாட்டேன், லென்ஸ் திறப்பைத்தான் பார்ப்பேன். இப்போது இருப்பதிலிருந்து 100-400-க்குப் போனாலே ஒளி ஏறக்குறைய முக்கால் ஸ்டாப் கூடுகிறது.


பனங்காடை

கணக்கு சரி. ஆனால் ஒரு ஸ்டாப் என்பது சும்மா விடக்கூடியது அல்ல. விடிகாலை மரக்கூட்டத்துக்குள் ஒரு ஸ்டாப் என்றால் 1/250-க்கும் 1/500-க்கும் உள்ள வித்தியாசம். துறுதுறுவென்று தலையை ஆட்டும் சின்னப் பறவைக்கு 1/250 போதாது.


நீர்க்காகம்

ஒப்புக்கொள்கிறேன். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை எடை. ஏ9 673 கிராம், 200-600 இரண்டு கிலோவுக்கு மேல். சேர்த்தால் 2.8 கிலோ. ஈ-எம்1 மார்க் 2-உம் 100-400-உம் சேர்ந்து 1.7 கிலோதான். முக்காலி இல்லாமல் நடப்பவருக்கு இந்த ஒரு கிலோ தோளிலும் தெரியும், படத்திலும் தெரியும். கை சோர்ந்துபோய் லென்ஸைத் தாழ்த்தியிருக்கும் நேரத்தில்தான் பறவை எழும்பும்.

நாய்ஸை, அதாவது இருட்டில் எடுத்த படத்தில் வரும் புள்ளிச் சிதறலைக் குறைக்கும் மென்பொருள்களும் இப்போது பெரிதாக முன்னேறிவிட்டன. கேமரா திருத்தாத ரா ஃபைலாக எடுத்தால் இந்தப் பழைய சென்சாரிலேயே ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண், ஏற ஏற நாய்ஸ் கூடும்) 3200 படங்கள் நிம்மதியாகப் பயன்படும். இறகின் நுண்கோடு அந்த மென்பொருளில் கொஞ்சம் மெழுகினாற்போல ஆகலாம், அளவோடு போட வேண்டும்.


செம்போத்து

நான் வேறு பக்கம் நின்று பேசுகிறேன். பறவைக் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இல்லாத கேமராவை இன்றைக்கு ஒருவருக்குப் பரிந்துரைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2020-இல் வந்த கேனான் ஆர்5, ஆர்6 இரண்டிலும் நாய், பூனை, பறவை கண்டறிதல் வெளிவந்த நாளிலிருந்தே இருக்கிறது. ஆர்6 இப்போது செகண்ட் ஹேண்டில் நிறையப் புழங்குகிறது. மெக்கானிக்கல் ஷட்டரில் 12 படம். கேனான் டிஎஸ்எல்ஆருக்கான பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் குறையில்லாமல் வேலை செய்கின்றன. புதர் நடுவே உட்கார்ந்திருக்கும் பறவையின் கண்ணில் தானாகப் பெட்டி போய் நிற்பதை ஒரு தடவை அனுபவித்துவிட்டால் திரும்பிப் போக மனம் வராது. ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் வேலை மிச்சம், கவனம் முழுக்க நடத்தையிலும் ஒளியிலும் நிற்கும். புதிதாகத் தொடங்குபவருக்குத்தான் இது அதிகம் தேவை.


நீர்க்காகம்

ஆர்6 நல்ல யோசனை, ஒரு திருத்தத்தோடு. அதில் 20 மெகாபிக்சல்தான். அந்த 400 எஃப்/5.6-ஐப் போட்டு, 600 மி.மீ. காட்சிக்கு க்ராப் செய்தால் 9 மெகாபிக்சல் சுற்றி நிற்கும். தூரத்துப் பறவைக்கு ஆர்6 வாங்குபவர் நீளமான லென்ஸுக்கும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. "பழைய மிரர்லெஸ்" என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். 2018-இன் கேனான் ஈஓஎஸ் ஆர் தொடர் ஃபோகஸோடு நொடிக்கு 5 படம்தான் தரும். அதே வருடத்து நிக்கான் இசட்6-இன் விலங்கு கண்டறிதல் பின்னால் ஃபர்ம்வேரில் வந்தது, நாய் பூனைக்கானது. டிராக்கிங்கும் டி500 அளவுக்கு விடாப்பிடியாக இல்லை. மேய்ந்துகொண்டிருக்கும் மானுக்கு இரண்டும் அருமை, பாயும் தகைவிலானுக்கு இரண்டுமே வேண்டாம். பானசோனிக் ஜி9-இல் தொடர் ஃபோகஸ் வேலை செய்யும்போது வ்யூஃபைண்டரில் பின்னணி லேசாகத் துடிக்கும், சிலருக்கு அது பழகவே பழகாது. வேகத்தில் குறைவில்லை, ஆனால் வாங்குமுன் கண்ணை வைத்துப் பார்த்துவிடுங்கள். இந்த வரிசையில் ஏ9-உம் ஈ-எம்1 மார்க் 2-உம் தனியாகத் தெரிவதற்குக் காரணம், அவை பிறந்ததே ஓடுவதையும் பறப்பதையும் எடுப்பதற்காக. பொது உபயோகத்துக்காக வந்த புதிய கேமராவைவிட வேகத்துக்காகவே வந்த பழைய கேமராவை நான் நம்புவேன்.


தேன்சிட்டு

செம்போத்து சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்டறிதல் இருந்தால் சுகம்தான். ஆனால் அது இல்லாமல் பறவைப் படமே எடுக்க முடியாது என்பது போல ஒரு எண்ணம் பரவுகிறது, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

மார்க் 2-இல் நான் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் ஃபர்ம்வேர் 3-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். 2019-இல் வந்த 3.0-இல் தொடர் ஃபோகஸ் கணிசமாக மேம்பட்டது, ஒலிம்பஸின் ஈ-எம்1எக்ஸ் கேமராவுக்காக எழுதிய முறையை இதற்கும் கொண்டுவந்தார்கள். பழைய ஃபர்ம்வேரில் எடுத்துப் பார்த்துவிட்டு இந்தக் கேமராவைத் திட்டியவர்கள் உண்டு.

கிளைக்குள் இருக்கும் பறவைக்கு ஒற்றைப் புள்ளி, சின்ன அளவு. பறப்பதற்கு ஒன்பது புள்ளிக் குழு. டிராக்கிங் என்று தனியாக இருக்கும் தேர்வைத் தொடவே வேண்டாம், அது இந்தக் கேமராவின் பலவீனம். சாதாரணத் தொடர் ஃபோகஸ்தான் பலம். ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துக் கட்டைவிரல் பொத்தானுக்குக் கொடுங்கள். ப்ரோ கேப்சருக்கு மட்டும் அமைப்பைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஃபோகஸ் லிமிட்டர். லென்ஸில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, பாடியின் மெனுவிலும் நீங்களே எல்லை குறிக்கலாம். நீர்நிலைக்கரையில் நின்று எதிர்க்கரைப் பறவைகளை எடுக்கும்போது கிட்டத்துத் தூரத்தை வெட்டிவிட்டால், முன்னால் ஆடும் புல்லைத் தேடி லென்ஸ் ஓடாது. இது ஒன்றே பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

குறை என்று சொன்னால் மார்க் 2-இல் ஜாய்ஸ்டிக் இல்லை. அம்புக்குறிப் பொத்தான்களால்தான் புள்ளியை நகர்த்த வேண்டும். குளிரில் கையுறை போட்டிருந்தால் சிரமம். கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்தபடி பின் திரையைக் கட்டைவிரலால் தடவியும் நகர்த்தலாம், ஆனால் மூக்கு பட்டுப் புள்ளி இடம் மாறும்.


ஆள்காட்டி

வ்யூஃபைண்டர் பற்றி யாரும் பேசவில்லையே. மின்னணு வ்யூஃபைண்டர் தூங்கிப்போய் விழித்துக்கொள்ளும் நேரத்தில் பறவை போய்விடும். லென்ஸ் முழுக்க ஃபோகஸ் இழந்திருந்தால் திரையில் வெறும் சாம்பல் நிறம்தான். ஆப்டிகலில் அப்போதும் ஏதோ ஒன்று தெரியும், பறவையைத் தேடிப் பிடிக்கலாம். பழைய மிரர்லெஸ்களில் இது உண்மையான சங்கடம்.


தேன்சிட்டு

உண்மைதான். அதற்கு வழி, தூங்கும் நேரத்தை நீட்டி வைத்துவிட்டுக் கூடுதல் பேட்டரி எடுத்துப் போவது. மார்க் 2-இன் பேட்டரிக்கு 440 படம் என்று கணக்குச் சொல்வார்கள், தொடராக எடுத்தால் அதைவிட எத்தனையோ மடங்கு வரும். தின்பது படம் அல்ல, காத்திருப்பு. ஃபோகஸ் முழுக்கப் போய்விட்டால், பறவை இருக்கும் தூரத்தில் உள்ள ஒரு மரத்தை முதலில் ஃபோகஸ் செய்துவிட்டுப் பறவைக்கு வர வேண்டும். பழகினால் கை தானாகச் செய்யும்.


முக்குளிப்பான்

நான் கேமரா பழுது பார்ப்பவன். எந்த மாடல் என்பதை மற்றவர்கள் சொல்லட்டும், கையில் வாங்கும் முன் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

பாடியை அணைத்துவிட்டு லேசாக ஆட்டினால் உள்ளே தடதடவென்று ஏதோ அசையும். பயப்பட வேண்டாம். அசைவைச் சமாளிக்கும் சென்சார் மின்சாரம் இல்லாதபோது தளர்ந்து கிடக்கும், அதன் ஓசை அது. கேமரா ஓடும்போது அந்தச் சத்தம் நிற்க வேண்டும். ஓடும்போதும் அசைந்தாலோ, வ்யூஃபைண்டரில் காட்சி தானாகத் துள்ளினாலோ, சென்சார் நகரும் அமைப்பில் கோளாறு. அந்தக் கேமராவை விட்டுவிடுங்கள், அதைச் சரிசெய்வது எளிதான வேலை அல்ல.

ஷட்டர் எண்ணிக்கையை எல்லோரும் கேட்பார்கள். மார்க் 2-இன் ஷட்டர் 200,000 தடவைக்கும், ஏ9-இன் ஷட்டர் 500,000 தடவைக்கும் சோதிக்கப்பட்டதாகத் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பறவைக்காரர்கள் மின்னணு ஷட்டரை நிறையப் பயன்படுத்துவதால் அந்த எண் முழுக் கதையைச் சொல்லாது. நான் அதைவிடத் தேய்மானத்தைப் பார்ப்பேன். லென்ஸ் மாட்டும் வளையம் வெள்ளையாகத் தேய்ந்திருக்கிறதா? டயலை ஒரு கிளிக் திருப்பினால் மதிப்பு ஒன்று மாறுகிறதா, இரண்டு மாறுகிறதா, பின்னோக்கிப் போகிறதா? டயல் துள்ளினால் உள்ளே அழுக்கு அல்லது தேய்வு. கார்டு மூடி, பேட்டரி மூடி, யுஎஸ்பி மூடி இவற்றின் ரப்பர் விளிம்புகள் வெடித்திருந்தால் மழைத்துளி பாதுகாப்பு போய்விட்டது என்று அர்த்தம். பேட்டரி உள்ளே சிக்கிக்கொண்டு வர மறுத்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதை உபயோகிக்கக் கூடாது.

சென்சாருக்கு: லென்ஸை மூடி வைத்து ஐஎஸ்ஓவை ஏற்றி ஒரு படம், அணைந்த புள்ளி எரியும் புள்ளி தெரியும். எஃப்/16-இல் வெளிர் வானத்தை ஒரு படம், தூசியும் கீறலும் தெரியும். லென்ஸுக்குள் டார்ச் அடித்து மறுமுனையிலிருந்து பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. வலை போலக் கிளை விரித்திருந்தால் பூஞ்சை, வேண்டாம். 100-400-ஐ முழுதாக நீட்டி நுனியைப் பிடித்து மென்மையாக அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், கட்டக் என்று இடிக்கக் கூடாது.

இன்னொன்று. ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021 ஜனவரியில் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனி நிறுவனத்துக்குப் போய்விட்டது. லென்ஸ் வரிசை தொடர்கிறது, பயமில்லை. ஆனால் 2016 பாடிக்கு உதிரிப் பாகம் காலத்துக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். இது எந்த நிறுவனத்தின் பழைய பாடிக்கும் பொருந்தும். பாடியில் போடும் பணத்தைச் செலவாகக் கருதுங்கள், லென்ஸில் போடும் பணம் உங்களோடு இருக்கும்.


நீர்க்காகம்

மரங்கொத்தி, ஒரு வேலை செய்யுங்கள். இதுவரை எடுத்ததில் உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் கணினியில் திறந்து, எந்த நேரத்தில் எடுத்தது, என்ன ஐஎஸ்ஓ, எவ்வளவு க்ராப் செய்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இருட்டில் நிஜமாகவே எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.


மரங்கொத்தி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு காரியமும் செய்தேன்.

முதலில் என் படங்கள். விடியுமுன் போவது பழக்கம், ஆனால் வைத்துக்கொண்ட படங்களில் பெரும்பாலானவை வெயில் வந்த பிறகு எடுத்தவை. ஏறக்குறைய எல்லாமே 300 மி.மீ. முனையில், அதற்கு மேலும் பலமாக க்ராப் செய்தவை. மரக்கூட்டத்துக்குள் எடுத்தவற்றில் நன்றாக வந்தவை எல்லாம் உட்கார்ந்திருந்த பறவைகள்.

அப்புறம் நண்பரிடம் போய்க் கேமராவை வாங்கி ஒரு காலை முழுக்க நீர்நிலை ஓரம் சுற்றினேன். வானப் பின்னணியில் பறந்த கொக்குகளை ஒன்பது புள்ளிக் குழு எளிதாகப் பிடித்தது. நாணல் பின்னணியில் தாழப் பறந்தவற்றில் நிறையத் தவறியது, லிமிட்டரைப் போட்ட பிறகு குறைந்தது. மின்னணு ஷட்டரில் எடுத்த பஞ்சுருட்டான் ஒன்றின் சிறகு பனங்காடை சொன்னபடியே வளைந்திருந்தது, மெக்கானிக்கலில் அந்தக் குறை இல்லை. மரத்தடியில் 400 மி.மீ., எஃப்/6.3, 1/500 என்று வைத்தபோது ஐஎஸ்ஓ 6400-க்குப் போனது. அவருடைய 300 எஃப்/4-ஐ மாட்டியபோது அதே இடத்தில் 2500-தான். அதைப் பார்த்ததும் மனம் 300-க்குத் தாவுகிறது.


நீர்க்காகம்

ஐஎஸ்ஓ எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். 300-இல் எடுத்ததை 400-இன் அளவுக்கு க்ராப் செய்தபின் ஒப்பிட்டால் லாபம் அரை ஸ்டாப்தான், 75-க்கும் 63-க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவே. 300 எஃப்/4-இன் நிஜமான பலம் வேறு இடத்தில். லென்ஸின் அசைவுத் தடுப்பும் பாடியின் அசைவுத் தடுப்பும் அதில் சேர்ந்து வேலை செய்யும், 100-400-இல் அப்படிச் சேராது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையை 300-இல் கையிலேயே 1/60-இல் எடுக்கலாம், அங்கே ஐஎஸ்ஓ நாலு பங்கு, எட்டுப் பங்கு என்று இறங்கும். எம்சி-14 என்ற 1.4 மடங்கு நீட்டிப்பானை மாட்டினால் 420 எஃப்/5.6 ஆகும், திறப்பு அதே 75 மி.மீ. பின்னால் வாங்க ஏற்ற லென்ஸ். ஆனால் பல தூரங்களில் நீர்ப்பறவை எடுப்பவருக்கு முதலில் ஜூம் இருப்பது நல்லது என்பேன்.


பனங்காடை

நான் இன்னும் ஏ9 பக்கம்தான். பறப்பது முக்கியமாகிவிட்டால் இரண்டு வருடத்தில் அதற்கு வந்து நிற்பீர்கள். எடை பொறுக்காது என்றால் சரி, மார்க் 2 தவறான தேர்வு அல்ல.


மரங்கொத்தி

முடிவு செய்துவிட்டேன். மார்க் 2-உம் 100-400-உம் எடுக்கிறேன். முக்குளிப்பான் சொன்ன எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. ஒரு டயலில் மட்டும் லேசான துள்ளல், அதைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொண்டார். பேட்டரிகளில் ஒன்று உப்பியிருந்தது, அதை எடுக்கவில்லை. 300 எஃப்/4 பிறகு பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று, கார்டு எது போடுவது? இரண்டு இடம் இருக்கிறதே.


தேன்சிட்டு

முதல் இடம்தான் யுஎச்எஸ்-2 வேகம், இரண்டாவது அதைவிட மெதுவான யுஎச்எஸ்-1. நல்ல வேகமான கார்டு ஒன்றை வாங்கி முதல் இடத்தில் போடுங்கள். இரண்டாவதில் காப்புப் பிரதி எழுத வைத்தால் தொடர் படம் எடுக்கும்போது மெதுவான கார்டுக்காகக் கேமரா காத்துக் கிடக்கும், அதனால் அதைக் கூடுதல் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி-சி துளை இருந்தாலும் பாடியிலேயே சார்ஜ் ஏறாது. மார்க் 3-இல்தான் அது வந்தது. தனி சார்ஜரை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.